கமிட் மெசேஜில் எதை எழுதுவது?

நிரலில் செய்த மாற்றத்தைக் கிட் என்ற கருவியில் பதிவதுதான் கமிட், அதோடு எழுதும் குறிப்புதான் கமிட் மெசேஜ். அதை யார்தான் படிக்கப்போகிறார்கள் என்று டீமில் புதிதாகச் சேர்பவர்கள் அடிக்கடி கேட்பார்கள். மாற்றத்தைச் சரிபார்த்து ரிவ்யூ செய்பவர் படிப்பார் என்பது பாதி பதில்தான். அவருக்குச் சந்தேகம் வந்தால் நேராக நம்மிடமே கேட்டுவிடலாம். நான் மனதில் வைத்து எழுதும் வாசகர் வேறொருவர். சில வருடங்கள் கழித்து, ஏதோ ஒன்று உடைந்து நிற்கும் நேரத்தில், ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு கிட் பிளேம் (அந்த வரியைக் கடைசியாக மாற்றிய கமிட் எது என்று காட்டும் கட்டளை) ஓட்டிப் பார்ப்பவர். அப்போது நாம் வேறு டீமில் இருப்போம், இல்லையென்றால் வேறு கம்பெனியில்.

அந்த இடத்தில் நானே பலமுறை நின்றிருக்கிறேன். ஒருமுறை, பணம் செலுத்தும் சேவை ஒன்றில் ரீட்ரை (தோற்ற கோரிக்கையை மறுபடி அனுப்புவது) எண்ணிக்கை 0 என்று இருந்தது. மற்ற சேவைகளில் எல்லாம் 3. நெட்வொர்க் கொஞ்சம் தடுமாறினாலே பரிவர்த்தனைகள் தோற்றுக்கொண்டிருந்ததால், இதையும் 3 ஆக்கிவிடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றியது. மாற்றுவதற்கு முன் பிளேம் பார்த்தோம். தலைப்பில், பேமென்ட் ரீட்ரையை நிறுத்து என்று இருந்தது. அதன் கீழே சில வாக்கியங்கள்: டைம்அவுட் ஆன (பதிலுக்குக் காத்திருக்கும் நேரம் முடிந்த) பிறகும் எதிர்முனைச் சேவை சில நேரம் பணத்தை எடுத்துவிடுகிறது, வந்த கோரிக்கையே திரும்ப வருகிறது என்று அடையாளம் காண அதனிடம் வழியில்லை, அந்த வசதி வரும்வரை மறுபடி அனுப்பினால் வாடிக்கையாளரிடம் இரண்டு முறை பணம் பிடிக்கப்படலாம்.

அதைப் படித்த பிறகு யாரும் அந்த எண்ணைத் தொடவில்லை. எதிர்முனையில் விசாரித்தோம், அடையாள எண் அனுப்பும் வசதி இடையில் வந்திருந்தது. முதலில் அதைச் சேர்த்து ஒரு கமிட், அப்புறம் ரீட்ரையை உயர்த்தி இன்னொரு கமிட். இரண்டிலும் பழைய கமிட்டின் ஹாஷை (அதன் அடையாளக் குறியீட்டை) குறிப்பிட்டோம். எழுதியவரை நான் பார்த்ததே இல்லை. அவர் மேல் எனக்கு இருக்கும் மரியாதை அந்தச் சில வாக்கியங்களால் வந்தது.

அதே ஃபைலில் ஒரு டைம்அவுட் 47 வினாடி என்று இருந்தது. மெசேஜ்: ரிவ்யூ கமென்ட்ஸ் சரிசெய்யப்பட்டன. எந்த கமென்ட்? ரிவ்யூ டூலையே கம்பெனி மாற்றியிருந்ததால் பழைய உரையாடல்கள் போய்விட்டன. அந்த 47ஐத் தொட எவருக்கும் துணிவில்லை. டிக்கெட் (செய்யவேண்டிய வேலையைப் பதிந்துவைக்கும் குறிப்பு) எண்ணை மட்டும் எழுதினால் போதும் என்பவர்களிடம் இதைத்தான் சொல்வேன். டிக்கெட்டும் ரிவ்யூவும் வேறு வேறு சர்வர்களில் இருக்கின்றன. கமிட் மெசேஜோ நிரலோடு சேர்ந்து ஒவ்வொரு குளோனிலும் (நகலிலும்) போகிறது. எண்ணைப் போடுங்கள், காரணத்தையும் எழுதுங்கள்.

சுருக்கம் என்றால் எதைக் குறைப்பது? டிஃப் (எந்தெந்த வரி மாறியது என்ற பட்டியல்) ஏற்கெனவே காட்டுவதை. யூசர் சர்வீஸில் நல் செக் (மதிப்பு இல்லாமல் இருக்கிறதா என்ற சோதனை) சேர் என்று எழுதினால், டிஃபைத் திறந்தவருக்கு அது தெரிந்த விஷயம். நீக்கப்பட்ட கணக்கில் லாகின் செய்தால் சர்வர் விழுவதைத் தடு என்று எழுதினால், ஏன் அந்த வரி வந்தது என்பது டிஃபைத் திறக்காமலே புரிகிறது. இரண்டாவதில் சில சொற்கள்தான் கூடுதல்.

நீளத்துக்கு 50/72 என்று ஒரு வழக்கம் உண்டு. டிம் போப் 2008இல் எழுதிய குறிப்பு அதைப் பரப்பியது. தலைப்பு 50 எழுத்து அளவில், ஒரு வெற்று வரி, பிறகு 72 எழுத்துக்கு மடிக்கப்பட்ட உரை. 72க்குக் காரணம் இருக்கிறது: கமிட்களைப் பட்டியலிடும் கிட் லாக் கட்டளை மெசேஜை 4 இடம் உள்தள்ளிக் காட்டுகிறது, வலப்பக்கமும் அதே அளவு விட்டால் 80 எழுத்து டெர்மினலில் சரியாக உட்காரும். 50ஐ நான் அவ்வளவு கண்டிப்பாகப் பார்ப்பதில்லை. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னலே தலைப்புக்கு 70-75 எழுத்து வரை அனுமதிக்கிறது. வெற்று வரியை மட்டும் தவிர்க்கவே கூடாது. தவிர்த்தால் கிட் முதல் பத்தி முழுவதையும் தலைப்பாக எடுத்துக்கொள்ளும். கெர்னலுக்காக 2005இல் பிறந்த கருவி கிட். பேட்ச்கள் (நிரல் மாற்றங்கள்) மின்னஞ்சலில் போய்வந்த உலகத்தில் அந்தத் தலைப்புதான் மின்னஞ்சலின் சப்ஜெக்ட்.

கெர்னல் ஆட்களிடம் நான் விரும்பும் இன்னொரு பழக்கம், பிழைதிருத்தும் கமிட்டின் அடியில் ஃபிக்ஸஸ் என்று ஒரு வரி போடுவது. பிழையைக் கொண்டுவந்த கமிட்டின் ஹாஷில் முதல் 12 எழுத்தும் அதன் தலைப்பும் அதில் இருக்கும். எந்தெந்தப் பழைய வெளியீடுகளுக்கு இந்தத் திருத்தம் போகவேண்டும் என்று முடிவுசெய்ய அந்த ஒரு வரி பெரிதும் உதவுகிறது. எங்கள் சிறிய டீமிலும் இதைக் கொண்டுவந்தோம். பழைய பிழையைத் தேடிப்போகும்போது பாதி வேலை மிச்சமாகிறது.

சில சமயம் தலைப்பே வராது. மற்றும் என்ற சொல்லைப் போடாமல் எழுத முடியவில்லை என்றால், பெரும்பாலும் கமிட்டுக்குள் இரண்டு வேலை இருக்கிறது. லாகின் பிழையைச் சரிசெய், மற்றும் லாகிங்கை (நிகழ்வுகளைப் பதிவதை) மாற்று. இங்கே மெசேஜோடு மல்லுக்கட்டிப் பயனில்லை, கமிட்டைத்தான் பிரிக்கவேண்டும். கிட் ஆட் கட்டளையில் பேட்ச் முறை இதற்காகவே இருக்கிறது, துண்டு துண்டாகத் தேர்ந்தெடுக்கலாம். கமிட்களைப் பாதி பாதியாகக் குறைத்துத் தேடும் கிட் பைசெக்ட் கட்டளை 1000 கமிட்டுக்குள் பிழையைச் சுமார் 10 படியில் பிடித்துத் தரும். பிடித்த கமிட்டில் 40 ஃபைல் மாறியிருந்தால், அங்கிருந்து தேடல் மறுபடி தொடங்குகிறது.

இப்போது டிஃபைப் பார்த்து மெசேஜை எழுதித்தரும் ஏஐ கருவிகள் வந்துவிட்டன. தலைப்புக்கு உதவட்டும். ஆனால் எதிர்முனை இரண்டு முறை பணம் எடுத்த கதை டிஃபில் இல்லை. அது நமக்குத்தான் தெரியும். கிட் தானாக எழுதும் ரிவர்ட் மெசேஜிலும் இதே குறைதான். எந்த கமிட் திரும்பப் பெறப்பட்டது என்று ஹாஷோடு சொல்கிறது, ஏன் என்று சொல்வதில்லை. அவசரத்தில் எல்லோரும் அதை அப்படியே சேமித்துவிடுகிறார்கள். எங்கள் டீமில், என்ன உடைந்தது, எங்கே பார்த்தோம் என்று ஒரு வரியாவது சேர்க்காத ரிவர்ட்டை நான் அப்ரூவ் செய்வதில்லை. ஏனென்றால் அடுத்த வாரமே யாராவது அதே மாற்றத்தை மறுபடி கொண்டுவருவார்கள்.