மூளையில தெரியுது

"அப்போ இது என் சோம்பேறித்தனம் இல்லைதானே, தம்பி?"

"இல்லைங்க. மூளையில தெரியுது."

இவ்வளவுதான் பேச்சு. அரை நிமிடம்கூட இருக்காது. மனச்சோர்வு பற்றிய எங்கள் ஆய்வுக்கான எம்.ஆர்.ஐ. ஸ்கேன் முடிந்து எழுந்து வந்த அந்த அம்மா, ஸ்கேனரை இயக்கும் கன்சோல் அறை வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது நடந்தது. இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. இன்றைக்கும் வேறு ஏதோ வேலையில் இருக்கும்போது அந்த இரண்டு சொற்கள் வந்து நிற்கின்றன.

அதில் "உங்க" என்ற சொல் இல்லை. "உங்க மூளையில தெரியுது" என்று நான் சொல்லவில்லை. தமிழில் அப்படிச் சொல்ல முடியும். யாருடைய மூளை என்று குறிப்பிடாமலே பேச்சு முடிந்துவிடும். மனச்சோர்வு உள்ளவர்களின் மூளையில், சராசரியாகப் பார்த்தால், ஒரு வித்தியாசம் தெரிகிறது என்பதுதான் என் மனதில் இருந்தது என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர் கேட்டது தன்னைப் பற்றி. பதிலையும் தன்னைப் பற்றியது என்றுதான் எடுத்துக்கொள்வார். அது அந்த நொடியிலேயே எனக்குத் தெரியும். "உங்க" தானாக விடுபட்டதா, நான் விட்டேனா என்பதை இன்னும் என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

பக்கத்துத் திரையில் ஒரு படம் திறந்திருந்தது. அதை மூடியிருக்க வேண்டும். முந்தைய வாரம் வரை சேர்ந்த தரவை வைத்து அவசரமாக ஓட்டிப் பார்த்த குழுச் சராசரி அது. சாம்பல் நிற மூளையின் நடுவே சிவப்புத் திட்டுகள். "இது என்னோடதா?" என்றார். "இல்லைங்க, உங்களை மாதிரி கஷ்டப்படுற பல பேரோட சராசரி" என்றேன். அதுவரை நான் சொன்னதில் தவறில்லை. அப்புறம்தான் சோம்பேறித்தனம் பற்றிய கேள்வி வந்தது.

முதலில் என்னை "டாக்டர்" என்றுதான் கூப்பிட்டார். நான் டாக்டர் இல்லை, ஆராய்ச்சி உதவியாளர் என்றதும் "தம்பி" ஆகிவிட்டது. ஒப்புதல் படிவத்தில் தெளிவாகவே இருக்கிறது: இந்த ஸ்கேன் நோயைக் கண்டறிவதற்கானது அல்ல, தனி ஆளுக்கான முடிவு எதுவும் தரப்படாது. அன்று காலையில் அந்த வரியை அவருக்குப் படித்துக் காட்டியது நான்தான்.

காலையில் இன்னொன்றும் நடந்தது. மனச்சோர்வின் தீவிரத்தை அளக்கும் பி.எச்.க்யூ.-9 கேள்வித்தாளை நான் வாசிக்க வாசிக்க அவர் பதில் சொன்னார். அதில் ஆறாவது கேள்வி, கடந்த இரண்டு வாரங்களில் உங்களைப் பற்றியே மோசமாக நினைத்தீர்களா, தோற்றுப்போனவர் என்றோ குடும்பத்தைக் கைவிட்டுவிட்டவர் என்றோ தோன்றியதா என்பது. மற்ற கேள்விகளுக்கெல்லாம் யோசித்துப் பதில் சொன்னவர், இதற்கு நான் முடிப்பதற்குள் "தினமும்" என்றார். 3 என்று வட்டமிட்டேன். வீட்டில் யார் என்ன சொன்னார்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் "சோம்பேறித்தனம்" அவருடைய சொல் இல்லை, யாரோ அவர் மேல் எறிந்த சொல் என்று எனக்குப் பட்டது. அந்தச் சொல்லை அவர் மேலிருந்து எடுத்துப் போட வேண்டும் என்ற அவசரம் எனக்கு வந்தது. இதை நியாயமாகச் சொல்கிறேனா, காரணமாகச் சொல்கிறேனா என்று கேட்டால், இரண்டும்தான்.

திரையில் இருந்த சிவப்பு என்ன என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆளை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து எந்த வேலையும் கொடுக்காமல் சுமார் எட்டு நிமிடம் விட்டுவிடுவோம். இரண்டு நொடிக்கு ஒருமுறை மூளை முழுவதும் படமாகிறது. இரத்தத்தில் ஆக்ஸிஜன் மாறுவதால் ஒவ்வொரு இடத்திலும் சமிக்ஞை மெல்ல ஏறி இறங்கும். இரண்டு இடங்கள் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால் அவற்றுக்கிடையே "இணைப்பு" இருக்கிறது என்கிறோம். 1995-இல் பரத் பிஸ்வாலும் அவருடைய குழுவும் இதைக் காட்டினார்கள்: விரலைக்கூட அசைக்காமல் படுத்திருக்கும்போதும், கை அசைவுக்குரிய இடப்பக்கப் பகுதியும் வலப்பக்கப் பகுதியும் ஒன்றாகவே ஏறி இறங்குகின்றன. ஆறு வருடம் கழித்து மார்கஸ் ரெய்க்லியின் குழு, நாம் வெளிவேலை எதிலும் ஈடுபடாதபோது சுறுசுறுப்பாக இருக்கும் பகுதிகளுக்கு டீஃபால்ட் மோட் என்று பெயர் வைத்தது. தன்னைப் பற்றி நினைப்பது, பழையதைக் கிளறுவது போன்றவற்றில் அந்த வலைப்பின்னலுக்குப் பங்கு இருக்கிறது. மனச்சோர்வில் அது அளவுக்கு மீறி இறுகியிருக்கிறது என்ற எண்ணம் ஆய்வாளர்களை வசீகரித்ததில் வியப்பில்லை. என்னையும்தான். "படுத்தா ஒரே யோசனை தம்பி, பழசெல்லாம் வரிசையா வருது" என்று அந்த அம்மா காலையில் சொன்னபோது எனக்கு நினைவுக்கு வந்தது அந்தச் சிவப்புத் திட்டுகள்தான்.

"இணைப்பு" என்ற சொல்லே எங்களை ஏமாற்றிவிடுகிறது. அவர் திரையைப் பார்த்து "வயர் மாதிரியா?" என்று கேட்டார், நான் தலையாட்டினேன். வயர் எதுவும் இல்லை. அது ஒரு எண். மைனஸ் ஒன்றுக்கும் ப்ளஸ் ஒன்றுக்கும் நடுவில் எங்கோ நிற்கும் ஒரு தொடர்பளவு. இரண்டு வீடுகளில் ஒரே நேரத்தில் விளக்கு எரிந்து அணைகிறது என்றால் நடுவில் கம்பி ஓடுகிறது என்று பொருளில்லை. நரம்பிழைகளின் பாதையைப் பார்க்க டிஃப்யூஷன் ஸ்கேன் என்று வேறு முறை இருக்கிறது. அது அன்று எங்கள் திரையில் இல்லை. "ஒத்திசைவு" என்று சொல்லியிருந்தால் அவர் வயரை நினைத்திருக்க மாட்டார். அந்தச் சொல் எனக்குத் தெரியாமல் இல்லை. வாயில் வரவில்லை.

சரி, உண்மையில் அவருடைய மூளையில் என்ன தெரிந்தது?

ஒன்றும் தெரியவில்லை. ஆறு வாரம் கழித்து அந்தத் தொகுதியின் தரவைச் சுத்தம் செய்தபோது அவருடைய ஸ்கேன் நீக்கப்பட்டவை பட்டியலில் இருந்தது. தலை அசைவு. படத்துக்குப் படம் சராசரி அசைவு 0.3 மில்லிமீட்டருக்கு மேல் போனால் எடுத்துவிடுவது என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தோம்; அவருடையது கொஞ்சம் தாண்டியிருந்தது. அந்த விதியை நான் குறை சொல்லவில்லை. ஒரு மில்லிமீட்டருக்குக் குறைவான அசைவுகூட இல்லாத இணைப்புகளை உண்டாக்கும் என்று 2012-இல் மூன்று குழுக்கள் தனித்தனியே காட்டின. பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளின் தொடர்பு வலுத்ததுபோலவும், தொலைவில் உள்ளவற்றின் தொடர்பு தளர்ந்ததுபோலவும் காட்டிவிடும். அசைவை விட்டுவைத்தால் நாம் அளப்பது நோயை அல்ல, அசைவை.

அசைவு வரைபடத்தை அன்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது நிமிடத்துக்கு அப்புறம் சின்னச் சின்னக் கூர்முனைகள், ஒரே சீராக இல்லாமல், விட்டு விட்டு. ஸ்கேன் முடிந்து வெளியே வந்தபோது அவர் கண்கள் சிவந்திருந்தன. உள்ளே அழுதிருக்க வேண்டும். சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை, இன்டர்காமில் "எல்லாம் சரியா இருக்கா?" என்று கேட்டபோது "சரியா இருக்கு தம்பி" என்றார். அந்தக் கூர்முனைகளை நாங்கள் தரவிலுள்ள குறை என்று குறித்து நீக்கினோம். அதைத் தவிர வேறு வழியில்லை என்பதும் தெரியும். ஆனால் அன்று அந்த அறையில் அவருடைய துக்கம் எதிலாவது பதிவானது என்றால், அது அந்த வரைபடத்தில்தான்.

குழுச் சராசரியாவது உறுதியானதா என்றால், அங்கும் என் காலடி ஆடுகிறது. 2007-இல் மைக்கேல் கிரீசியஸ் குழு 28 நோயாளிகளையும் 20 ஆரோக்கியமானவர்களையும் ஒப்பிட்டு, நோயாளிகளிடம் டீஃபால்ட் வலைப்பின்னலில் சில பகுதிகளின் இணைப்பு கூடியிருக்கிறது என்றது. 2015-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் கூடுதல் என்றுதான் வந்தது. 2019-இல் சீனாவின் 25 ஆய்வுக் குழுக்கள் சேர்ந்து 1,300 நோயாளிகளின் தரவைப் பார்த்தன. அங்கே மீண்டும் மீண்டும் மனச்சோர்வு வந்தவர்களிடம் அதே வலைப்பின்னலில் இணைப்பு குறைந்திருந்தது. அந்தக் குறைவு மருந்தோடு தொடர்புபட்டது. முதல்முறை நோய் வந்து மருந்தே எடுக்காதவர்களிடம் அது இல்லை. மூளைக்கும் நடத்தைக்கும் உள்ள தொடர்பை நம்பகமாகச் சொல்ல ஆயிரக்கணக்கானவர்கள் வேண்டும் என்று 2022-இல் வந்த ஆய்வு சொன்னது; அதுவரையிலான மூளைப்பட ஆய்வுகளில் பங்கேற்பாளர் எண்ணிக்கையின் இடைநிலை அளவு சுமார் 25 பேர்தான். எங்களிடமும் கிட்டத்தட்ட அவ்வளவே. இணைப்பு கூடியதாக நான் அவருக்குக் காட்டிய சிவப்பு, வேறு ஒரு குழுவில் இணைப்பு குறைந்ததைக் காட்டும் நீலமாக இருந்திருக்கலாம்.

இதையெல்லாம் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பவரிடம் எப்படிச் சொல்வது? சொல்லியிருக்கத்தான் வேண்டுமா? இந்த இடத்தில் நான் எனக்காக வாதாட ஆரம்பித்துவிடுவேன். மனச்சோர்வு சோம்பேறித்தனம் இல்லை என்பது உண்மை. அது மூளையைத் தொடாமல் நடக்கவும் முடியாது. 2024-இல் வந்த ஓர் ஆய்வு, தனித்தனி ஆட்களை மணிக்கணக்கில் திரும்பத் திரும்ப ஸ்கேன் செய்து, மனச்சோர்வு உள்ளவர்களில் பெரும்பாலோரிடம் எது முக்கியம் என்று பிரித்துக் கவனத்தைத் திருப்பும் சேலியன்ஸ் வலைப்பின்னல் மூளைப் புறணியில் ஏறக்குறைய இரண்டு மடங்கு இடம் பிடித்திருப்பதைக் கண்டது. ஒரு நாள் ஒருவருக்கு "உங்க மூளையில தெரியுது" என்று மனசாட்சியோடு சொல்ல முடியலாம். நான் அவசரப்பட்டேன், அவ்வளவுதான். இப்படி வாதாடி முடிக்கும்போது அவர் முகம் நினைவுக்கு வரும். நான் சொன்னதைக் கேட்டதும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "நல்லதுப்பா" என்றார்.

ஆனால் சோம்பேறித்தனம் இல்லை என்று சொல்ல ஸ்கேன் தேவையே இல்லை. இதுதான் என்னை விடாமல் அரிக்கிறது. பசி போய், தூக்கம் போய், மாதக்கணக்கில் ஒன்றிலும் ஒட்டாமல் இருக்கிறார். அது நோய், மருத்துவர் பார்த்து உறுதிசெய்த நோய். "இல்லைங்க, இது நோய்" என்று முடித்திருக்கலாம். படத்தின் பலத்தைக் கடன் வாங்கினேன். என் சொல்லை நம்ப மாட்டார், படத்தை நம்புவார் என்று நினைத்தேன். படத்தை எந்த அளவுக்கு நம்புவார் என்று நினைத்துப் பார்க்கவில்லை.

அவருடைய உடற்கூறு ஸ்கேனிலிருந்து ஒரு வெட்டுப் படத்தை அச்செடுத்துக் கொடுத்தோம். எல்லாப் பங்கேற்பாளருக்கும் கொடுப்பதுதான். மூளையின் வடிவத்தை மட்டும் காட்டும் சாம்பல் நிறப் படம். மனச்சோர்வைப் பற்றி அதில் எதுவுமே இல்லை. அதை இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்தபடி "பையன்கிட்ட காட்டணும்" என்றார். இதில் எதுவும் தெரியாதுங்க என்று அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாசல் வரை போய் வழியனுப்பிவிட்டு வந்தேன்.

பிறகு ஒரு கட்டுரை கையில் கிடைத்தது. 2014-இல் வெளியானது. மனச்சோர்வை அனுபவித்தவர்களிடம் போலியான ஒரு பரிசோதனையைச் செய்து, உங்களுக்கு மூளை இரசாயனச் சமநிலை கெட்டிருக்கிறது என்று ஒரு பிரிவினருக்கு மட்டும் சொன்னார்கள். அவர்களுடைய சுயபழி குறையவில்லை. குணமாவோம் என்ற நம்பிக்கை குறைந்தது. பேச்சு சிகிச்சையைவிட மருந்துதான் தங்களுக்குப் பொருத்தம் என்று நினைத்தார்கள். படித்துவிட்டு எழுந்து கொஞ்ச நேரம் நடந்தேன். அவர்கள் ஆய்வுக்காக, உரிய அனுமதியோடு செய்து, முடிவில் உண்மையைச் சொல்லிவிட்டார்கள்.

மூன்றாம் மாதம் அவர் மறுபடி வந்தார். கேள்வித்தாள் மட்டும்தான். முகம் தெளிந்திருந்தது. பையன் இப்போது அதட்டுவதில்லை என்றார். படத்தை அலமாரியில் வைத்திருக்கிறாராம். கவுன்சலிங் எப்படிப் போகிறது என்று கேட்டேன். "நிறுத்திட்டேன் தம்பி. மூளையில இருக்கிறதைப் பேசித் தீர்க்க முடியுமா?"

பேசுவதும் மூளையில்தான் நடக்கிறது, அதனாலும் குணமாகிறவர்கள் நிறையப் பேர் என்று சொன்னேன். மரியாதைக்குத் தலையாட்டினார். அவர் கவுன்சலிங்கை நிறுத்திவிட்டதை அன்றே எங்கள் மனநல மருத்துவரிடம் தெரிவித்தேன். ஏன் நிறுத்தினார் என்பதையும் சொன்னேன். அந்த எண்ணம் யாரிடமிருந்து வந்தது என்பதைச் சொல்லவில்லை.

"இன்னைக்கு ஸ்கேன் இல்லையா? சரியாயிருக்கான்னு பார்த்திடலாம்னு நினைச்சேன்."

"இல்லைங்க. இன்னைக்குக் கேள்வி மட்டும்தான்."

ஒவ்வொன்றாக வாசித்தேன். ஆறாவது கேள்வியில் இந்த முறை என்னை முழுதாக வாசிக்க விட்டார். கொஞ்சம் யோசித்து, "சில நாள்தான்" என்றார். 1 என்று வட்டமிட்டேன்.