கீழ்பென்னாத்தூர், கத்தரிக்காய், ஆலம்பூண்டி

அப்பா 16 வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தார். திருவண்ணாமலை – திண்டிவனம் ரூட். எவ்வளவு கூட்டமானாலும் கம்பியைப் பிடிக்காமல் நிற்பார். இடது கை விரல்களுக்கு நடுவே நீளவாக்கில் மடித்த நோட்டுகள், உள்ளங்கையில் டிக்கெட் கட்டு, வாயில் விசில். ஒருவருக்கு டிக்கெட் கிழித்துக்கொண்டே பின்னால் நிற்பவரிடம் "எங்க போணும்?" என்று கேட்பார். போன ஸ்டாப்பில் ஏறிய பாட்டிக்கு ஏழு ரூபாய் பாக்கி தர வேண்டும் என்பதும் அதே நேரத்தில் மனசில் ஓடும். பள்ளி விடுமுறை நாட்களில் பின் சீட்டில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டு போவேன்.

முதலில் கெட்டது அந்தக் கணக்குதான். 2008இல் சாயங்காலம் கலெக்‌ஷன் கட்டும்போது நாற்பது, அறுபது என்று குறைய ஆரம்பித்தது. கைக்காசைப் போட்டுக் கட்டினார். அப்போது அவருக்கு 37 வயது. கால் தடுமாறியதும் அதே சமயமாகத்தான் இருக்கும், ஆனால் ஓடுகிற பஸ்ஸில் எல்லோரும்தானே ஆடுகிறார்கள், யாருக்குத் தெரியும்? வீட்டு வாசற்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்கியபோதுதான் அம்மா கவனித்தாள். அதற்குள் பஸ் முதலாளி "தண்ணி போட்டுட்டு டூட்டிக்கு வராதே" என்று சொல்லி நிறுத்திவிட்டார். அப்பா வாழ்நாளில் குடித்ததே இல்லை. அந்த ஒரு சொல் இன்று வரை அவரை அறுக்கிறது.

மூன்று வருஷம் அலைந்த பிறகு எம்ஆர்ஐ, ரத்தத்தில் மரபணுச் சோதனை எல்லாம் எடுத்து, ஸ்பைனோசெரிபெல்லார் அட்டாக்சியா என்றார்கள். சிறுமூளை மெல்ல மெல்லச் சுருங்கி, நடையும் பேச்சும் தடுமாறும் பரம்பரை நோய். எஸ்சிஏ1, அதாவது முதல் வகை. ஆறாவது குரோமோசோமில் ஒரு மரபணு. அதில் சிஏஜி என்ற மூன்றெழுத்து திரும்பத் திரும்ப வரும். அளவுக்கு மேல் நீண்டுவிட்டால் நோய். அப்பாவுக்கு அது 47 தடவை வருகிறது. அந்த மரபணுவை 1993இல் அமெரிக்காவில் ஹுடா ஜோக்பி, ஹாரி ஓர் இருவரின் குழுக்களும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். நம் பக்கத்திலும் இது புதிது இல்லை. தமிழ்நாட்டின் ஒரு சமூகத்தில் எஸ்சிஏ1 மிக அதிகமாக இருப்பதாக 2005இலேயே 'நியூராலஜி இந்தியா' இதழில் கட்டுரை வந்திருக்கிறது. அப்பாவின் அம்மாவும் கடைசி காலத்தில் நடக்க முடியாமல்தான் கிடந்தார். அதை வாதம் என்றே சொல்லிவந்தோம்.

நான் எழுத வந்தது கால் தடுமாறுவதைப் பற்றி இல்லை.

டாக்டர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பார்த்தார்கள். விரலால் மூக்கைத் தொடு, குதிகாலை முட்டியிலிருந்து கீழே இழு, ஒரே கோட்டில் நட. கணக்கு எப்படி வருகிறது, இரண்டு வேலையைச் சேர்த்துச் செய்ய முடிகிறதா என்று பத்து வருஷத்தில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. அதனால் வீட்டில் நாங்களே அதற்கு ஒரு பெயர் வைத்துக்கொண்டோம்: பிடிவாதம். "கரண்ட் பில் கட்டிட்டு, வர்ற வழியில மாத்திரை வாங்கிட்டு, தம்பிக்கு ஒரு போன் போடுங்க" என்று அம்மா சொல்லி அனுப்புவாள். பில்லை மட்டும் கட்டிவிட்டு வந்து உட்காருவார். டிவி ஓடும்போது ஏதாவது கேட்டால் பதில் வராது. நாலு பேர் பேசிக்கொண்டிருந்தால் வாயே திறக்க மாட்டார். "உங்கப்பாவுக்கு எதுலயும் அக்கறை இல்லடி" என்று அம்மா அழுதிருக்கிறாள். நானும் அவரிடம் கத்தியிருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு உளவியல் நிபுணர் அப்பாவை உட்கார வைத்துச் சோதித்தார். ஒரு நிமிஷத்தில் 'க' எழுத்தில் தொடங்கும் சொற்களைச் சொல்ல வேண்டும். அப்பா நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். "கல்... கதவு... கண்ணு..." பெரிய இடைவெளி. "கல்." சொன்னதைத் திரும்பச் சொல்கிறோம் என்று அவருக்கே தெரிந்து தலையை ஆட்டினார். நிமிஷம் முடிந்தபோது மொத்தம் ஐந்து. பஸ்ஸில் கத்திக் கத்திப் பழகிய மனுஷர். கழுத்தில் வியர்வை வழிவதைப் பார்த்தேன்.

அடுத்தது, ஒரு ஊர், ஒரு காய் என்று மாற்றி மாற்றிச் சொல்ல வேண்டும். "கீழ்பென்னாத்தூர், கத்தரிக்காய், ஆலம்பூண்டி..." அதோடு சரி. அப்புறம் "செஞ்சி, வல்லம், தீவனூர்" என்று ஊராகவே ஓடிவிட்டது. அந்த நிபுணர் மெதுவாக "காய் சொல்லுங்க ஐயா" என்றார். அப்பா அவரையே பார்த்தார். ஸ்டாப் பெயர்களை மட்டும் கேட்டிருந்தால் தூக்கத்திலும் வரிசை மாறாமல் சொல்வார், திரும்பும் நடைக்குத் தலைகீழாகவும் சொல்வார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதுதான் அவரால் முடியவில்லை. தாவுவதைத்தானே அவர் 16 வருஷம் பிழைப்பாகச் செய்தார்!

அந்த இரவு தூங்காமல் படிக்க ஆரம்பித்தேன். சிறுமூளை என்றால் கை கால் அசைவுக்கும் நிதானத்துக்கும் மட்டும்தான் என்று பள்ளிக்கூடத்தில் படித்தது. மூளையில் உள்ள சுமார் 8,600 கோடி நரம்பணுக்களில் ஐந்தில் நான்கு பங்கு அந்தச் சின்ன உருண்டைக்குள் இருக்கிறது. 2011இல் 1,000 பேரின் மூளைப் படங்களை வைத்து ஒரு வரைபடம் போட்டார்கள். அதில் சிறுமூளையின் பெரும்பகுதி, சிந்தனைக்கும் திட்டமிடலுக்கும் உரிய பெருமூளைப் பகுதிகளோடுதான் ஜோடி சேர்ந்திருக்கிறது. அசைவுக்கு உரியது கொஞ்ச இடம்தான். பாஸ்டனில் இருக்கும் ஜெரமி ஷ்மாமன் என்ற நரம்பியல் மருத்துவர் 1998லேயே சிறுமூளை பாதித்த 20 பேரைப் பார்த்து எழுதியிருக்கிறார்: திட்டமிடுதல், சொல் தேடுதல், இட உணர்வு, உணர்ச்சி எல்லாமே தடுமாறுகின்றன என்று. 2018இல் அவருடைய குழு இதற்கென்றே பத்து நிமிஷத்தில் முடிக்கக்கூடிய ஒரு சோதனையை வெளியிட்டது. ஆக, கேட்டிருந்தால் கண்டுபிடித்திருக்கலாம்.

அப்பாவுக்கு இதை எப்படிச் சொல்வது என்று யோசித்து, அவர் பாஷையிலேயே சொன்னேன். நெற்றிக்குப் பின்னால் இருக்கிற மூளையிலிருந்து ஒரு ரூட் கிளம்புது. கீழே மூளைத்தண்டில் பான்ஸ்னு ஒரு ஸ்டாண்ட். அங்க பஸ் மாறி, எதிர்ப்பக்கத்துச் சிறுமூளைக்குப் போகணும். திரும்பும் நடை, மூளைக்கு நடுவுல இருக்கிற தாலமஸ் வழியா மறுபடியும் நெற்றிக்கே வந்து சேரும். உன் நோய்ல சிறுமூளையும் சுருங்குது, அந்த பான்ஸ் ஸ்டாண்டும் சுருங்குது. போற நடையும் சரியா இல்ல, வர்ற நடையும் சரியா இல்ல. இப்படிப்பட்டவங்களை ஸ்கேன் மிஷின்ல சும்மா படுக்க வச்சுப் பார்த்தாலே, சிறுமூளையோட வேலையும் நெற்றிப் பக்கத்து மூளையோட வேலையும் ஒண்ணா ஏறி இறங்குறது குறைஞ்சிருக்கிறது தெரியுதாம்.

நீண்ட நேரம் கழித்து, குழறும் குரலில் சொன்னார்: "அப்போ ரோடுதான் மோசம். ஊரு அப்படியே இருக்கு."

இருக்கிறது. பழைய கதை எதையும் மறக்கவில்லை. ஆளை அடையாளம் தெரியாமல் போகவில்லை. இது வேறு, முதுமையில் வரும் மறதி நோய் வேறு. இந்த நோயைக் குணமாக்கும் மருந்து இன்னும் வரவில்லை, பயிற்சிதான் நடக்கிறது. ஆனால் பேச்சை நாங்கள் மாற்றிக்கொண்டோம். ஒரு நேரத்தில் ஒரு விஷயம்தான். கேட்பதற்கு முன்னால் டிவியை அணைப்போம். கேட்டுவிட்டு முப்பது வரை மனசுக்குள் எண்ணுவேன், பெரும்பாலும் இருபதுக்குள் பதில் வந்துவிடும். நடக்கும்போது அவரோடு பேசுவதே இல்லை. நடக்கவும் பேசவும் ஒரே கவனத்தைத்தான் அவர் பங்கு போட வேண்டியிருக்கிறது, பேசினால் விழுகிறார். இதை வேறு யாராவது பத்து வருஷம் முன்பே எங்களுக்குச் சொல்லியிருந்தால் அம்மா அவ்வளவு அழுதிருக்க மாட்டாள். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

எனக்கும் தம்பிக்கும் ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அப்பா வழியாக வந்தால் அந்த சிஏஜி வரிசை இன்னும் நீளலாம், வயதும் முன்னால் தள்ளி வரலாம். தம்பி மரபணு ஆலோசனைக்குப் போய்விட்டு வந்தான், சோதனை செய்துகொள்ளப் போகிறான். நான் செஞ்சியில் பத்திரம் டைப் அடிக்கும் வேலையில் இருக்கிறேன். விரல் தப்பி வேறு எழுத்தில் விழுந்தால் சில நாள் நெஞ்சு திக்கென்கிறது. இன்னும் முடிவெடுக்கவில்லை.

போன வாரம் அப்பாவிடம் நூறு ரூபாயைக் கொடுத்து, டிவியை அணைத்துவிட்டு, பால்காரர் வந்தால் 56 ரூபாய் கொடுக்கச் சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வந்தபோது திண்ணையில் உட்கார்ந்திருந்தார். கை நடுங்கிக்கொண்டே நீண்டது. விரல்களுக்கு நடுவில் நீளவாக்கில் மடித்த இரண்டு இருபது ரூபாய் நோட்டுகள். உள்ளங்கையில் நாலு ரூபாய் சில்லறை.