துபாய் வெயிலும் கென்டக்கி மண்ணும்

ஏப்ரல் பிறந்தால் அப்பாவின் கம்பளிக் கோட்டில் குதிரை வாடை ஏறிவிடும். ஊட்டி சீசனுக்குச் சமவெளியிலிருந்து லாரிகளில் வரும் பந்தயக் குதிரைகளுக்கு லாயத்தில் தீனி வைத்து, உடம்பு தேய்த்துவிடுவது அவர் வேலையாக இருந்தது. பர்லியாறு தாண்டி வளைவு வளைவாக ஏறிவந்த குதிரை இறங்கி நின்றதும் அதன் நாசி விரிந்து விரிந்து அடங்கும். குதிரையால் வாய் வழியாக மூச்சுவிட முடியாது. இங்கோ 7,000 அடிக்கு மேல், மெலிந்த காற்று. அப்பா அதன் விலாவில் உள்ளங்கையை வைத்தபடி பேசாமல் நிற்பார். முதல் வாரம் ஓட்டத்தைப் பற்றி யார் கேட்டாலும் பதில் வராது. தீனியை மிச்சம் வைத்ததா, இரவில் படுத்ததா என்று மட்டும் பார்ப்பார். காலையில் அதன் முதுகில் வைக்கோல் ஒட்டியிருந்தால் அவர் முகம் தெளிந்துவிடும்.

துபாய் ஷேக் முகமதுவின் கோடோல்பின் லாயத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வைக்கோல்தான் நினைவுக்கு வரும். 1990களில் அவர்கள் எடுத்த முடிவு துணிச்சலானது. இங்கிலாந்தின் பனிக்காலம் முழுவதும் குதிரைகளைத் துபாய் வெயிலில் பழக்கி, வசந்தத்தில் திரும்பக் கொண்டுவந்தார்கள். பலனும் கிடைத்தது. 1994இல் பாலன்சீன் என்ற குதிரை இங்கிலாந்தின் எப்சம் ஓக்ஸ், அயர்லாந்தின் ஐரிஷ் டெர்பி என்ற இரண்டு பெரிய பந்தயங்களையும் வென்றது. அடுத்த ஆண்டு லாம்தாரா. துபாயில் நுரையீரல் நோய் கண்டு சாகக் கிடந்து மீண்ட குதிரை அது. பத்து மாதம் ஒரு பந்தயம்கூட ஓடாமல் நேராக எப்சம் டெர்பிக்கு வந்து, 2 நிமிடம் 32.31 நொடியில் சாதனை படைத்து ஜெயித்தது. இந்தக் கதையை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

ஆனால் அதே வழியில் அமெரிக்காவின் பெரிய பந்தயமான கென்டக்கி டெர்பியைப் பிடிக்கப் போனபோது கதை மாறிவிட்டது. 1998 செப்டம்பரில் கலிபோர்னியாவில் பந்தயம் வென்ற வேர்ல்ட்லி மேனர் என்ற குதிரையைத் துபாய்க்குக் கொண்டுபோய், தங்கள் குதிரைகளோடு மட்டும் ஓடவிட்டுப் பார்த்து, 1999 மே மாதம் நேராகக் களத்தில் இறக்கினார்கள். ஏழாவதாக வந்தது. 2017இல் துபாயில் டெர்பி வென்றுவிட்டுப் போன தண்டர் ஸ்னோ, கென்டக்கியில் கதவு திறந்ததும் துள்ளிக் குதித்து ஓட்டத்தையே விட்டுவிட்டது. மட்டமான குதிரையா என்றால் இல்லை. 2018, 2019 இரண்டு ஆண்டும் துபாய் உலகக் கோப்பை அதற்குத்தான்.

லாம்தாரா ஓய்விலிருந்து வந்து வென்றதே என்று கேட்கலாம். எப்சம் புல்தரை. கென்டக்கி மண்தரை, அங்கே ஏறத்தாழ இருபது குதிரைகள் ஒரே மூச்சில் கிளம்பும், முன்னே போகிறவற்றின் குளம்பு வாரியடிக்கும் மண் பின்னே வருவதன் கண்ணிலும் மூக்கிலும் விழும். வெயில் உடம்பைத் தேற்றும். அந்த நெரிசலைப் பழக்காது. 2024இல் ஜப்பானின் ஃபாரெவர் யங் சவூதியிலும் துபாயிலும் நிஜப் பந்தயங்களில் மோதி வென்றுவிட்டுத்தான் அங்கே போனது. மூக்கு நுனி வித்தியாசத்தில் மூன்றாம் இடம்.

கோடோல்பினுக்குக் கென்டக்கி டெர்பி கிடைத்தது 2025 மே மாதத்தில். வென்றது சாவரின்டி. அமெரிக்காவிலேயே பிறந்து, அமெரிக்கப் பயிற்சியாளர் பில் மாட்டிடம் வளர்ந்து, ஃபுளோரிடாவில் பந்தயம் ஓடிவிட்டு வந்த குதிரை.

ஊட்டிப் பந்தயத் திடலை 2024 ஜூலையில் அரசு எடுத்துக்கொண்ட பிறகு அப்பா அந்தப் பக்கம் போவதில்லை. சாவரின்டி ஓடிய பந்தயத்தை என் கைப்பேசியில் போட்டுக் காட்டினேன். மழையில் ஊறிய சேற்றுத் தரை. கடைசி நூறு கெஜத்தில் திரையைக் கையில் வாங்கிக்கொண்டார். "துபாயிலிருந்து கூட்டிப் போவதாக இருந்தாலும் மார்ச் மாதமே அங்கே கொண்டுபோய் ஒரு பந்தயம் ஓடவிட்டால் ஜெயிக்கலாம், இல்லையாப்பா?" என்றேன்.

"ஒன்று போதாது, இரண்டு" என்றவர், மறுபடி முதலிலிருந்து போடச் சொன்னார்.