கேரேஜ் அலமாரித் தொழில்: சுவரில் மாட்டும் வரை ஐந்து மாதம்

பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகும், முதல் அலமாரியை ஒரு வாடிக்கையாளர் வீட்டு கேரேஜ் சுவரில் மாட்ட எனக்கு ஐந்து மாதம் பிடித்தது. வேலை தெரியாததால் வந்த தாமதம் இல்லை இது. பதினோரு வருடம் சமையலறை கேபினட் பட்டறையில் இருந்திருக்கிறேன். கீலுக்கு 35 மில்லி துளை, தட்டு தாங்கும் முளைக்கு 5 மில்லி துளை, துளைக்குத் துளை 32 மில்லி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நான் சிக்கியது காகிதத்தில். அதிலும் "பொருத்துதல்" என்கிற ஒரே சொல்லில். இதே தொழிலில் இறங்க நினைப்பவர்கள் என்னைப் போல அலையக் கூடாது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

தொழில் பெயர், வரி எண், வங்கிக் கணக்கு மூன்றும் ஒரே வாரத்தில் முடிந்தன. பதிவு விண்ணப்பத்தில் தொழிலின் தன்மை என்று ஒரு கட்டம் இருந்தது. "மர அலமாரி தயாரிப்பு" என்று எழுதினேன். கவுன்ட்டரில் இருந்தவர் அதைப் பார்த்துவிட்டு ஃபர்னிச்சர் தயாரிப்புக்கான குறியீட்டைப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்தார். ஒரு கேள்வி கூடக் கேட்கவில்லை. அவ்வளவு சுலபமாக முடிந்ததே என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

மூன்று வாரம் கழித்துக் காப்பீடு எடுக்கப் போனேன். முகவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "அலமாரியைச் செய்து கொடுத்துவிட்டு வந்துவிடுவீர்களா, இல்லை நீங்களே சுவரில் மாட்டுவீர்களா?" நான்தான் மாட்டுவேன் என்றேன். "உங்கள் சான்றிதழில் அது இல்லையே" என்று காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

விஷயம் என்னவென்றால், பல நாடுகளின் தொழில் குறியீடுகள் ஐக்கிய நாடுகள் சபையின் சர்வதேசத் தொழில் வகைப்பாட்டைத் தழுவியவை. அதன் நான்காம் திருத்தத்தில் ஃபர்னிச்சர் தயாரிப்பு 3100 என்ற எண்ணில் வருகிறது. கட்டட நிறைவு வேலைகள் 4330. கட்டடத்தோடு சேர்த்துப் பொருத்தும் அலமாரிகளை மாட்டும் வேலை இந்த இரண்டாவது எண்ணில்தான் இருக்கிறது. செய்வது ஒரு தொழில், பொருத்துவது இன்னொரு தொழில். கேரேஜ் அலமாரியில் பாதிக்கு மேல் சுவரில் தொங்குவது. தரையில் நிற்கும் உயரமான அலமாரியைக்கூடச் சுவரோடு பிணைத்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் குழந்தை ஒன்று தட்டில் கால் வைத்து ஏறினால் அப்படியே முன்னால் சாய்ந்துவிடும். பொருத்துதல் இல்லாமல் இந்தத் தொழிலே கிடையாது. அதை என் விண்ணப்பத்தில் எழுத எனக்குத் தோன்றவில்லை.

சரி, ஒரு திருத்தம்தானே என்று மறுநாளே பதிவு அலுவலகத்துக்குப் போனேன். திருத்தங்களுக்கு வாரத்தில் ஒரு நாள்தான் என்று அனுப்பிவிட்டார்கள். அந்த நாளில் போனால், "மாட்டுவது கட்டட வேலை, அதற்குத் தனி உரிமம் வேண்டும், முதலில் அதை வாங்கி வாருங்கள்" என்றார் அங்கிருந்தவர். உரிமம் தரும் அலுவலகத்தில் அரை நாள் காத்திருந்தேன். இந்த அளவு வேலைக்கு உரிமம் தேவையில்லை என்று அவர்கள் வாயால் சொன்னார்கள். எழுதிக் கொடுங்கள் என்றேன். பதிவு அலுவலகம் கேட்டால்தான் எழுதிக் கொடுப்போம் என்றார்கள். பதிவு அலுவலகமோ, நாங்கள் எதற்காகக் கேட்க வேண்டும் என்றது. இப்படியே ஏழு நடை. ஒவ்வொரு நடைக்கும் ஒரு நாள் வேலை போனது. அந்த நாட்களை நினைத்தால் இன்னும் மனசு எரிகிறது.

கடைசியில் உதவியது ஒரு அச்சுப் பிரதி. தொழில் வகைப்பாட்டில் அந்தப் பிரிவின் விளக்கத்தை அச்செடுத்து, கட்டடத்தோடு பொருத்தும் அலமாரிகள் என்று வரும் வரியை அடிக்கோடிட்டு எடுத்துப் போனேன். கவுன்ட்டரில் நீட்டாமல் மேலதிகாரியைப் பார்க்க அனுமதி கேட்டேன். அவர் இரண்டு நிமிடம் படித்தார். இரண்டாவது குறியீட்டைச் சேர்க்கச் சொல்லி ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்து படிக்கட்டிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

உரிம விதி இடத்துக்கு இடம் மாறும். சுவரில் திருகு போட்டாலே உரிமம் கேட்கும் இடங்களும் உண்டு. அதனால் பதிவுக்கு முன்பே "செய்தலும் பொருத்துதலும்" என்று குறிப்பிட்டு எழுத்தில் கேளுங்கள். பதில் வந்தால் அந்தக் கடிதத்தின் எண்ணையும் தேதியையும் உங்கள் விண்ணப்பத்திலேயே எழுதிவிடுங்கள். வாய்ச்சொல் அடுத்த கவுன்ட்டர் வரைகூட வராது.

காப்பீட்டிலும் மூன்று விஷயங்களைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும். பட்டறையில் நடப்பது, அடுத்தவர் வீட்டில் வேலை செய்யும்போது நடப்பது, வேலை முடித்துவிட்டு வந்த பிறகு நடப்பது. எனக்கு முதலில் வந்த மதிப்பீட்டில் மூன்றாவது இல்லவே இல்லை. ஆறு மாதம் கழித்து, சுவரில் பிடிப்புக்கு இறக்கிய ஆங்கர் பிடுங்கிக்கொண்டு அலமாரி காரின் மேல் விழுந்தால் முழுப் பொறுப்பும் என் தலையில். 18 மில்லி எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்வது) முழுப் பலகை ஒன்றே கிட்டத்தட்ட 40 கிலோ இருக்கும். உள்ளே பெயின்ட் டப்பாவும் கருவிப்பெட்டியும் ஏறினால் என்ன எடை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்தப் பிரிவைச் சேர்க்காமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று நின்றேன். சேர்த்தார்கள்.

பட்டறை இடத்தில் இன்னொரு அடி. என் வீட்டு கேரேஜிலேயே தொடங்கலாம் என்றுதான் இருந்தேன். குடியிருப்புப் பகுதியில் ரம்பம் ஓட்ட அனுமதி கிடைக்காது என்றார்கள், அது நியாயம்தான். ஒரு ஷெட்டை வாடகைக்குப் பிடித்தேன். உரிமையாளரின் சம்மதக் கடிதம், வரைபடம், மின் இணைப்புச் சான்று எல்லாம் கொடுத்தேன். மூன்றாவது நடையில்தான் சொல்கிறார்கள், வாடகை ஒப்பந்தத்தில் பயன்பாடு "கிடங்கு" என்று இருக்கிறதாம், "உற்பத்தி" என்று இருக்க வேண்டுமாம். முதல் நாளே அதே ஒப்பந்தத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டிப் பார்த்தவர்தான் இதைச் சொன்னார். ஒப்பந்தத்தைப் புதிதாக எழுதிப் பதிய இரண்டு வாரம் ஆனது. அந்த இரண்டு வாரமும் இயந்திரங்கள் படுதாவுக்கு அடியில் சும்மா கிடந்தன, வாடகை மட்டும் ஓடியது. ஷெட் பிடிப்பவர்கள் முன்பணம் கொடுப்பதற்கு முன் அந்த ஒரு வரியைப் படியுங்கள்.

தீயணைப்புச் சோதனை ஒரே தடவையில் முடிந்தது. வந்தவர் தூசி உறிஞ்சியைப் பார்த்தார், அப்புறம் எண்ணெய் துடைத்த துணிகளை எங்கே போடுவீர்கள் என்று கேட்டார். ஆளி விதை எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். மூடி போட்ட இரும்புத் தொட்டியை முன்பே வாங்கி வைத்திருந்தேன், தப்பித்தேன். தூசி விஷயத்தில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நல்ல முகமூடியும் உறிஞ்சியும் வேண்டும். மரத்தூள் புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-லேயே முதல் வகையில் சேர்த்துவிட்டது.

ஒருவழியாக எல்லாக் காகிதமும் கையில் வந்து முதல் வேலைக்குப் போனேன். இனி என் கைவேலைதானே என்று நினைத்தேன். அங்கேயும் பொருத்துதல்தான் காலை வாரியது.

உயரமான அலமாரி 2.40 மீட்டர் உயரம், 60 சென்டிமீட்டர் ஆழம். கூரை 2.44. பட்டறையிலேயே முழுதாகப் பூட்டிக் கொண்டுபோனேன். படுத்த நிலையில் உள்ளே கொண்டுபோய் நிமிர்த்தப் பார்த்தால் மேல்மூலை கூரையில் இடிக்கிறது. நிமிரும்போது அலமாரிக்கு வேண்டிய உயரம் அதன் மூலைவிட்டம். அது 2.47 மீட்டர். மூன்று சென்டிமீட்டர் கூடுதல். சமையலறையில் கீழ்ப்பெட்டி, மேல்பெட்டி என்று பிரித்தே பழகியதால் இது என் கண்ணில் படவில்லை. திரும்பக் கொண்டுவந்து கீழே 12 சென்டிமீட்டரை வெட்டி, அந்த உயரத்துக்குத் தனி அடிப்பீடம் செய்தேன். பீடத்தை முதலில் வைத்துவிட்டு 2.28 மீட்டர் உடலை நிமிர்த்தினால் மூலைவிட்டம் 2.36தான், தாராளமாக நிற்கிறது. நிமிர்த்திய பிறகு தூக்கிப் பீடத்தில் வைக்க இரண்டு பேர் போதும்.

அடுத்தது தரை. தண்ணீர் வெளியே ஓட கேரேஜ் தரைக்கு வாட்டம் விட்டிருப்பார்கள். எனக்கும் தெரியும். ஆனால் எவ்வளவு என்று அளக்கவில்லை. மூன்று மீட்டர் சுவரில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் 45 மில்லி வித்தியாசம். நான் வாங்கிப் போன திருகுக் கால்கள் 25 மில்லிதான் ஏறி இறங்கும். வேறு கால்கள் வரும் வரை வேலை நின்றது. இப்போது அளவெடுக்கப் போகும்போதே லேசர் லெவலால் சுவர் நீளத்துக்கும் கோடு போட்டு, தரை தாழும் ஒவ்வொரு இடத்தையும் குறித்துக்கொள்கிறேன். ரசமட்டம் வைத்து அங்கங்கே பார்த்தால் மொத்த இறக்கம் தெரியாது.

சுவர் எதனால் ஆனது என்பதையும் முதல் நாளே பார்க்க வேண்டும். தட்டிப் பார்த்தால் போதாது, வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு அலமாரி மறைக்கப்போகும் இடத்தில் ஒரு சிறு துளை போட்டுப் பாருங்கள். கான்கிரீட்டில் பிடிக்கும் விரியும் ஆங்கர், உள்ளே பொள்ளலான கல்லில் கையோடு வந்துவிடும். மரச்சட்டத்தில் பலகை அறைந்த சுவரென்றால் சட்டம் இருக்கும் இடம் தேடித்தான் திருக வேண்டும். நான் இப்போது எல்லாச் சுவருக்கும் சாய்வாக அறுத்த இரண்டு சட்டங்களைப் பயன்படுத்துகிறேன், ஒன்று சுவரில், ஒன்று அலமாரியின் முதுகில். சுவர்ச் சட்டத்தை எங்கே பிடிப்பு கிடைக்கிறதோ அங்கே முடுக்கிவிட்டு அலமாரியை அதன் மேல் தூக்கி மாட்டினால் போதும்.

தட்டுகளைப் பற்றி ஒன்று. வாடிக்கையாளர்கள் நடுவில் தடுப்பு இல்லாத நீளமான தட்டு கேட்பார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். அதே எடைக்கு, தாங்கும் இடைவெளி இரட்டித்தால் வளைவு எட்டு மடங்காகும். என் முதல் வேலையில் 1.2 மீட்டர் தட்டு கேட்டார்கள். 60 சென்டிமீட்டரில் தடுப்பு வைத்தே தீருவேன் என்று பிடிவாதமாக நின்றேன். அந்த வேலையில் நான் முதலிலேயே சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

வரைபடத்தில் வாடிக்கையாளரின் கையெழுத்து வாங்கியிருந்ததால் பணத்தில் சண்டை வரவில்லை. உயரம் குறைந்தது, பீடம் சேர்ந்தது இரண்டையும் திருத்திய வரைபடத்தில் காட்டி மறுபடி கையெழுத்து வாங்கிக்கொண்டேன். ஆனால் கார்க் கதவை மறந்துவிட்டேன். காலியாக இருந்த கேரேஜில் அளவெடுத்தது தப்பு. காரை உள்ளே நிறுத்தியபோது ஓட்டுநர் கதவு அலமாரிக் கைப்பிடியில் இடித்தது. எல்லாக் கைப்பிடிகளையும் கழற்றி, துளைகளை அடைத்து, அலமாரிக் கதவின் விளிம்பில் விரல் நுழையும் பள்ளம் குடைந்து கொடுத்தேன். அதற்குக் காசு கேட்கவில்லை.

மீதித் தொகை பதினெட்டாம் நாள் வந்தது. இரண்டாவது வேலை அவருடைய பக்கத்து வீட்டிலேயே கிடைத்தது. அங்கே காரை உள்ளே நிறுத்தி, நான்கு கதவையும் திறந்து வைக்கச் சொல்லிவிட்டுத்தான் டேப்பை வெளியே எடுத்தேன்.