ஓபன் வாட்டர் கோர்ஸா? விமான டிக்கெட் எடுக்கும் முன் மெடிக்கல் ஃபார்மின் மூன்று தாளைச் சரிபாருங்கள்

பி.ஏ.டி.ஐ. என்ற டைவிங் பயிற்சி அமைப்பின் ஓபன் வாட்டர் கோர்ஸை, அதாவது ஸ்கூபா டைவிங்கின் ஆரம்பப் பாடத்தை, சென்னையில் பாதி, அந்தமானில் மீதி என்று பிரித்து முடித்தாயிற்று. தியரியும் நீச்சல்குளப் பயிற்சியும் இங்கே. கடைசி நான்கு கடல் டைவ் மட்டும் ஹேவ்லாக்கில், அதாவது இப்போதைய ஸ்வராஜ் தீவில். இதற்கு ரெஃபரல் என்று பெயர். லீவு குறைவாக இருப்பவர்களுக்கு நல்ல ஏற்பாடு, சந்தேகமே இல்லை. ஆனால் அங்கே போய் இறங்கிய முதல் நாள் முழுவதும் தண்ணீரைத் தொடாமலே போனது. காரணம் ஒரே ஒரு தாள். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை. இதைப் படிக்கும் ஒருவருக்காவது அந்த ஒரு நாள் மிஞ்சட்டும்.

மெடிக்கல் ஃபார்ம் மொத்தம் மூன்று பக்கம். முதல் இரண்டும் நாம் நிரப்புவது. முதல் பக்கத்தில் பத்துக் கேள்வி. அதில் 3, 5, 10 ஆகிய மூன்றில் எதற்கு "ஆம்" போட்டாலும் டாக்டர் கையெழுத்து கட்டாயம். மூன்றாவது, மிதமான உடற்பயிற்சிக்கே மூச்சு வாங்குமா என்பது. நிற்காமல் 200 மீட்டர் நீந்துவதை உதாரணமாகச் சொல்லியிருப்பார்கள். ஐந்தாவது, கடந்த 12 மாதத்தில் செய்த ஆபரேஷன் பற்றியது. பத்தாவதில்தான் நம்மில் பலர் மாட்டுவோம்: டாக்டர் எழுதிக்கொடுத்துத் தினமும் சாப்பிடும் மாத்திரை. பிரஷர், தைராய்டு, சுகர் எல்லாம் இதில் வரும். "சின்ன மாத்திரைதானே" என்று விட்டுவிடாதீர்கள். மற்ற ஏழில் "ஆம்" போட்டால் இரண்டாம் பக்கத்தில் அதற்குரிய கட்டத்துக்குப் போக வேண்டும். 45 வயதைத் தாண்டியவர்களுக்குப் புகை, கொலஸ்ட்ரால், குடும்பத்தில் இதய நோய் என்று தனிக் கட்டமே உண்டு. அங்கே ஒரு "ஆம்" விழுந்தாலும் டாக்டர்தான்.

மூன்றாம் பக்கம் டாக்டருடையது. நான் கோட்டை விட்டது இங்கேதான். வீட்டுப் பக்கத்து கிளினிக்கில் லெட்டர்ஹெட்டில் "உடல் தகுதி உள்ளவர்" என்று எழுதி, சீல் வைத்துக் கொடுத்தார்கள். சென்னையில் குளப் பயிற்சி தந்த இடத்தில் அதை வாங்கி ஃபைலில் செருகிவிட்டார்கள், ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஹேவ்லாக்கில் காலை ஏழு மணிக்கு அதைப் பார்த்த இன்ஸ்ட்ரக்டர் ஏற்க மறுத்தார். அவர் செய்தது சரி. ஃபார்மின் மூன்றாம் பக்கத்தில் "அனுமதி" கட்டத்தில் டிக் இருந்து, கீழே டாக்டரின் கையெழுத்தும் தேதியும் இருந்தால்தான் செல்லும். லெட்டர்ஹெட் எத்தனை சீல் வைத்திருந்தாலும் அதற்கு ஈடாகாது. தீவில் ஒரு டாக்டரைத் தேடிப் பிடித்து, ஃபார்மை விளக்கி, காதைக் காட்டி, கையெழுத்து வாங்கித் திரும்பியபோது மாலை நாலரை. படகு காலையிலேயே போய்விட்டது.

ஆகவே மூன்று பக்கத்தையும் அச்செடுத்துக்கொண்டு ஊரிலேயே டாக்டரைப் பாருங்கள். டைவிங் பற்றி அதிகம் தெரியாத டாக்டர் கையெழுத்திடத் தயங்குவார். அதில் தவறில்லை. டாக்டர்களுக்கென்றே தயாரித்த வழிகாட்டிக் குறிப்பு இந்த ஃபார்மோடு சேர்ந்தே இணையத்தில் கிடைக்கிறது, அதையும் கொண்டுபோங்கள். முடிந்தால் காது மூக்கு தொண்டை நிபுணரிடமே போய்விடலாம். மூக்கைப் பொத்தி மெல்ல ஊதும்போது செவிப்பறை அசைகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கையெழுத்தான பக்கத்தைப் படமெடுத்துக் கடலுக்குக் கூட்டிப்போகும் சென்டருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "சரி" என்று பதில் வந்த பிறகு டிக்கெட் எடுங்கள்.

எரிச்சலில் எல்லாவற்றுக்கும் "இல்லை" போட்டுவிடத் தோன்றும். தயவுசெய்து வேண்டாம். பத்து மீட்டர் ஆழத்தில் நுரையீரலில் இருக்கும் காற்று, மேலே வந்தால் இரண்டு மடங்காக விரியும். ஆஸ்துமாவால் சுருங்கிய மூச்சுக்குழாயில் அந்தக் காற்று சிக்கினால் நுரையீரல் கிழியும். வலிப்பு வந்தால் மூச்சுக்குக் காற்று தரும் ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவும். அந்தக் கேள்விகளை வைத்திருப்பது இதற்காகத்தான்.

அடுத்தது ரெஃபரல் தாள். குளப் பயிற்சி ஐந்து பகுதி. ஒவ்வொன்றுக்கும் எதிரே தேதி, இன்ஸ்ட்ரக்டர் எண், கையெழுத்து இருக்க வேண்டும். என் தாளில் மூன்றாம் பகுதி காலியாக இருந்தது. நல்லவேளை, சென்னை இன்ஸ்ட்ரக்டர் போனை எடுத்தார், அரை மணியில் ஸ்கேன் வந்தது. விரல் வைத்து வரிவரியாகப் பார்க்காமல் அந்தத் தாளைக் கையில் வாங்காதீர்கள். கடைசியாக முடித்த பகுதியிலிருந்து 12 மாதம்தான் அது செல்லும். தியரித் தேர்வு 50 கேள்வி, 75 சதவீதம் போதும், படித்தால் சுலபம்.

நாள் கணக்கு முக்கியம். நான்கு கடல் டைவுக்குக் குறைந்தது இரண்டு நாள் வேண்டும். பல நாள் டைவ் செய்துவிட்டு விமானம் ஏறக் குறைந்தது 18 மணி நேர இடைவெளி வேண்டும். காலை 11 மணிக்குக் கடைசி டைவ் முடிந்தால் மறுநாள் காலை 5 மணிக்கு முன் பறக்கக் கூடாது. போர்ட் பிளேருக்கு, அதாவது இப்போதைய ஸ்ரீ விஜயபுரத்துக்கு, திரும்பும் படகு நேரத்தையும் சேர்த்து, ஒரு நாளைச் சும்மா கையிருப்பாக வையுங்கள். எங்களுக்கு அப்படி ஒரு நாள் இருந்ததால்தான் நான்காவது டைவையும் முடிக்க முடிந்தது.

இனித் தண்ணீர். மிதக்காமல் மூழ்குவதற்காக உடம்பில் ஈயம் கட்டிக்கொள்வோம். குளத்தில் 4 கிலோ சரியாக இருந்தது, கடலில் 6 தேவைப்பட்டது. உப்புத் தண்ணீர் சுமார் இரண்டரை சதவீதம் கனமானது. உடம்பும் கருவியுமாக 90, 100 கிலோ இருந்தால் இரண்டரை கிலோ வரை வித்தியாசம் வரும். சோதிப்பது எளிது: பிசிடி-யில் (காற்றடைத்து மிதப்பைக் கூட்டிக் குறைக்கும் ஜாக்கெட்) காற்றை முழுவதும் வெளியேற்றி, சாதாரணமாக ஒரு மூச்சை இழுத்து நிறுத்தினால் தண்ணீர் மட்டம் கண்ணருகே நிற்க வேண்டும், மூச்சை விட்டதும் மெல்ல அமிழ வேண்டும். நிறைந்த டேங்கோடு சோதித்தால் இரண்டு கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். 12 லிட்டர் டேங்கின் அழுத்தம் 200 பாரிலிருந்து 50-க்கு இறங்கும்போது அவ்வளவு எடைக் காற்று வெளியே போய்விடுகிறது. அதற்காக அள்ளிக் கட்டவும் கூடாது. ஈயம் கூடினால் பிசிடி-யில் அதிகக் காற்று அடைக்க வேண்டிவரும், அது ஆழம் மாறும்போதெல்லாம் விரிந்து சுருங்கி உங்களை மேலும் கீழும் தூக்கிப்போடும்.

மீசைக்காரர்களுக்கு ஒன்று. மாஸ்க்கின் சிலிகோன் விளிம்பு மூக்குக்குக் கீழே மீசையின் மேல்வரியில்தான் உட்காரும். ஒவ்வொரு முடியும் தண்ணீருக்கு ஒரு வாய்க்கால். மூக்கை ஒட்டி மூன்று நான்கு மில்லிமீட்டர் மட்டும் மழித்தால் கசிவு நிற்கும். பட்டையை இறுக்கினால் கசிவு கூடத்தான் செய்யும், விளிம்பு மடங்கிவிடுகிறது. புது மாஸ்க் என்றால் உள்கண்ணாடியில் பற்பசையை விரலால் நாலைந்து முறை தேய்த்துக் கழுவுங்கள். தயாரிப்பின்போது கண்ணாடியில் படிந்த படலம் போகாதவரை பனி படர்ந்துகொண்டேயிருக்கும்.

காதுக்கு அவசரமே கூடாது. முதல் பத்து மீட்டரில்தான் காற்றின் கொள்ளளவு பாதியாகச் சுருங்குகிறது, வலியும் அங்கேதான். கயிற்றைப் பிடித்துக் கால் கீழாக இறங்குங்கள். வலி தொடங்கும் முன்பே, அரை மீட்டருக்கொரு முறை மூக்கைப் பொத்தி மெதுவாக ஊதுங்கள். திறக்கவில்லையா, ஒரு மீட்டர் மேலேறி மறுபடி முயலுங்கள், பலமாக ஊதாதீர்கள். சளி இருந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவதும் வேண்டாம். கீழே இருக்கும்போது மருந்தின் வேகம் குறைந்தால் மேலே வரும் வழியில் காது அடைத்துக்கொள்ளும்.

ஆறு முதல் ஒன்பது மீட்டரிலிருந்து "ஆ" என்று ஒரே மூச்சை விட்டுக்கொண்டே மேலேறும் பயிற்சியைப் பற்றிப் பலரும் பயமுறுத்துவார்கள். அது முதல் முறையிலேயே முடிந்தது.

கடைசியாக, நம் இனிஷியல். பதிவு செய்யும்போது முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டம் இருக்கும். ஒன்றில் பெயரையும் மற்றதில் ஒற்றை எழுத்தையும் போட்டால் கார்டிலும் அப்படியே வரும். பாஸ்போர்ட்டில் உள்ளபடி அப்பா பெயரை விரித்து எழுதுங்கள். சான்றிதழுக்கு அனுப்பும் முன் இன்ஸ்ட்ரக்டரின் திரையில் பெயரையும் பிறந்த தேதியையும் ஒருமுறை பாருங்கள். எனக்கு அங்கேயே நின்று திருத்த முடிந்தது. அன்று மாலையே கார்டு மொபைலில் வந்துவிட்டது, பெயர் முழுசாக.