கடலுக்குக் கீழே 90 மீட்டரில் ஒரு வீடு

கீழக்கரைக்கும் பெரியபட்டினத்துக்கும் இடையில், கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்வாங்கிய மணல்மேட்டு மனை. வீட்டு பிளான் ஓகே ஆகி, ரெவிட் என்ற கட்டட வரைவு மென்பொருளில் மாடலும் தயார். தரைத்தளம் ±0.00, உயரமெல்லாம் அங்கிருந்துதான் எண்ணுவோம். பாக்கி இருந்தது, சர்வே எடுத்த மேடு பள்ளத்தை உள்ளே கொண்டுவந்து வீட்டை அதன்மேல் உட்கார வைப்பதுதான். அரை நாள் வேலை என்று நினைத்தேன். ஒரு வாரம் தின்றது.

சர்வேயர் அண்ணன் ஒரு டிடபிள்யூஜியும் (வரைபட ஃபைல்) ஒரு சிஎஸ்வியும் (வெறும் எண் பட்டியல்) அனுப்பியிருந்தார். டிடபிள்யூஜியில் கான்டூர் கோடுகள், அதாவது ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகள், அழகாகத்தான் இருந்தன. ஆனால் எல்லாமே பூஜ்ய உயரத்தில் தட்டையாகக் கிடந்தன, உயரம் பக்கத்தில் வெறும் எழுத்தாக இருந்தது. எழுத்தைப் படித்து மென்பொருள் தரையை எழுப்பாது. சரி, சிஎஸ்வி.

அதில் வரிசை இப்படி: புள்ளி எண், வடக்கு, கிழக்கு, உயரம். ரெவிட் முதல் மூன்று எண்களை எக்ஸ், ஒய், இசட் என்று எடுத்துக்கொள்ளும். புள்ளி எண்ணை மட்டும் அழித்துவிட்டு ஏற்றினேன். எங்கோ தூரத்தில் கடுகு மாதிரி கிடந்ததை ஜூம் பண்ணிப் போய்ப் பார்த்தால், கடல் மேற்கே இருக்கிறது! மன்னார் வளைகுடா பக்கம் கடல் தெற்கில் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வடக்கும் கிழக்கும் இடம் மாறியதில் மனையே கண்ணாடியில் பார்த்த மாதிரி திரும்பிவிட்டது.

பத்திகளை மாற்றிப் போட்டேன். இப்போது உயரம். எல்லாப் புள்ளியும் மைனஸ் 90 சொச்சம். வீடு மேலே, தரை பாதாளத்தில். இங்கேதான் பெரிய தப்பு செய்தேன்: மொத்த வீட்டையும் பிடித்து இழுத்துப்போய் அந்தத் தரைமேல் வைத்தேன். தளங்களின் உயரத்தைச் சொல்லும் லெவல்கள் எல்லாம் மைனஸில் போயின. வரைந்த கோடுகள் ஜூம் பண்ணும்போது நடுங்கின. ஸ்ட்ரக்சர் ஃபைலை லிங்க் செய்தால் தூண்கள் பழைய இடத்திலேயே நின்றன. வந்த வழியே அன்டூ.

நடுக்கத்துக்குக் காரணம் தூரம். ரெவிட்டின் உள் மூலப்புள்ளியிலிருந்து (அதன் எண்கள் பூஜ்யமாகும் இடம்) 16 கிலோமீட்டர் தூரத்தைத் தாண்டினால் அதற்குக் கை உதறும். சர்வே எண்களோ யுடிஎம் என்ற உலக வரைபடக் கட்டத்தின் 44 வடக்கு மண்டலத்தில் எடுத்தவை. அதில் வடக்கு பூமத்திய ரேகையிலிருந்து எண்ணப்படுகிறது, நம் மனை அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது.

மைனஸ் 90க்குக் காரணம் அண்ணனிடம் கேட்டபோதுதான் புரிந்தது. "அது ஜிபிஎஸ் உயரம் தம்பி, கடல் மட்டத்துலேர்ந்து உள்ளது இல்ல" என்றார். ஜிபிஎஸ், பூமியின் வடிவம் என்று கணக்குக்காக வைத்த ஒரு நீள்கோளத்திலிருந்து உயரத்தை அளக்கிறது. இலங்கைக்குத் தெற்கே புவியீர்ப்பு குறைந்த பெரும்பள்ளம் ஒன்று உண்டு. அங்கே உண்மையான கடல் மட்டம் அந்தக் கோளத்தைவிட 100 மீட்டருக்கும் கீழே. நாம் அதன் ஓரத்தில் இருக்கிறோம். ஸ்டேஷன் மஞ்சள் பலகையில் எழுதியிருக்கும் கடல்மட்ட உயரத்தைப் பார்த்தே வளர்ந்தவனுக்கு, உயரத்தில் இரண்டு சாதி உண்டு என்பது இந்த வேலையில்தான் உறைத்தது.

அண்ணன் ஆட்டோ லெவல் என்ற மட்டம் பார்க்கும் கருவியைக் கொண்டுவந்து, உயரம் ஏற்கெனவே தெரிந்த பெஞ்ச்மார்க் கல்லிலிருந்து கடல்மட்ட உயரத்தைச் சாலையோரக் கல்வெர்ட்டுக்கு இறக்கினார். கல்வெர்ட் திண்டில் பெயின்ட் அடித்தோம்: 3.420. மனையின் மேட்டுப் பகுதியே 2.9 மீட்டர்தான். மழைத் தண்ணீர் நிற்கும் இடம் என்பதால், வீட்டுத் தரையை 4.200க்கு வைப்பது என்று முடிவு.

பிறகு வீட்டைத் தொடவே இல்லை. எக்செலில் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் மனையின் தென்மேற்கு மூலைக்கல்லின் கிழக்கையும் வடக்கையும், கடல்மட்டத்துக்கு மாற்றிய உயரத்திலிருந்து 4.200ஐயும் கழித்தேன். மாடலிலும் அந்த மூலை மூலப்புள்ளியில்தான் இருந்தது. இப்போது தரை வீட்டுக்கு அடியில், மைனஸ் ஒன்றரை மீட்டர் வாக்கில் தானாக வந்து உட்கார்ந்தது. ரெவிட் 2024 பதிப்பிலிருந்து இந்தத் தரையை டோபோசாலிட் என்கிறார்கள், பழையவர்களுக்கு டோபோசர்ஃபேஸ். அடுத்து 'ஸ்பெசிஃபை கோஆர்டினேட்ஸ் அட் பாயின்ட்' என்ற கட்டளையை எடுத்து, மூலைக்கல்லைத் தொட்டு அதன் உண்மையான கிழக்கு, வடக்கு எண்களையும், ±0.00க்கு 4.200 என்ற உயரத்தையும் கொடுத்தேன். பொருள் எதுவும் நகராது, அதற்குச் சொல்லும் முகவரி மட்டும் மாறும். உண்மை வடக்குக் கோணமும் அதே பெட்டியில்தான்.

லெவல் வகையில் ஒரு நகல் எடுத்து, 'எலிவேஷன் பேஸ்' என்பதை, அதாவது உயரத்தை எங்கிருந்து எண்ணுவது என்பதை, சர்வே பாயின்ட்டுக்கு மாற்றினேன். ஒரே லெவல் ஒரு தாளில் ±0.00, இன்னொரு தாளில் 4.200 என்று காட்டியது. தொட்ட இடத்தின் உயரத்தைக் காட்டும் ஸ்பாட் எலிவேஷனையும் அப்படியே மாற்றி கல்வெர்ட்டில் வைத்தேன்: 3.420. அன்றைக்குத்தான் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

வீட்டுக்காரர் கீழக்கரைக்காரர், அங்கே அண்ணனைச் சொல்வதுபோல காக்கா என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு எண்ணையும் பார்த்துவிட்டு, "இதுல எது தம்பி நம்ம வீடு?" என்றார். கொத்தனாருக்கு அந்தக் குழப்பம் இல்லை. கல்வெர்ட்டிலிருந்து தண்ணி டியூபைப் பிடித்து, பனைமரத்தில் 78 சென்டிமீட்டர் மேலே ஆணி அடித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆடிக் காத்து முடிந்து போனால், மணல்மேடு ஒரு பக்கம் ஒரு முழம் தேய்ந்திருந்தது. அண்ணன் மறுபடி புள்ளி எடுத்துத் தந்தார். எக்செலில் அதே கழித்தல், புதுத் தரை உள்ளே, பழையது அழிந்தது. கால் மணி நேரம். வீடும் ஆணியும் இருந்த இடத்திலேயே இருந்தன.