அம்மாவின் மாத்திரை டப்பா

மார்ச் 4
ராத்திரி இரண்டரைக்கு அம்மா கூப்பிட்டாள். இடது கெண்டைக்கால் கல்லாக இறுகிக் கிடந்தது, கட்டைவிரல் விறைத்து நின்றது. பாதத்தை முழங்கால் பக்கமாக மெல்ல மடக்கிப் பிடித்துக்கொண்டேன். தளர ஐந்து நிமிஷம் ஆனது. இந்த வாரத்தில் மூன்றாவது தடவை. "எழுபத்தாறு ஆச்சு, பின்னே எப்படி இருக்கும்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள்.

மார்ச் 9
ரத்தப் பரிசோதனையில் பொட்டாசியம் 3.0. குறைந்தது 3.5 இருக்க வேண்டுமாம். பிரஷருக்குச் சாப்பிடும் நீர் மாத்திரைதான் காரணம் என்று பொட்டாசியம் சிரப் எழுதித் தந்தார்கள்.

மார்ச் 16
ஒரு வாரம் சிரப் குடித்தும் 3.1. வாயில் வைக்க முடியாத மருந்து. ஜன்னல் வழியாகக் கொட்டுகிறாளோ என்று பாட்டிலில் பேனாவால் கோடு போட்டுப் பார்த்தேன். ஒழுங்காகக் குடித்திருக்கிறாள். கோட்டைப் பார்த்துவிட்டாள், இரண்டு நாளாக என்னோடு பேச்சில்லை.

மார்ச் 18
வேறு டாக்டர். மாத்திரை டப்பாவை மேஜையில் கவிழ்க்கச் சொன்னார். நெஞ்செரிச்சல் மாத்திரையை எடுத்து, "பாண்டோப்ரசோல் எத்தனை வருஷமா போகுது?" என்றார். ஆறு வருஷம். "எதுக்கு?" நானும் அம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எப்போதோ வயிறு சரியில்லை என்று ஒரு மாதத்துக்கு எழுதியது. நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. தீரத் தீர நான் வாங்கிவந்தேன்.

மெக்னீசியம் பார்க்கச் சொன்னார். 1.1. சுமார் 1.7க்கு மேல் இருக்க வேண்டியது.

குடல் மெக்னீசியத்தை உறிஞ்சுவதை அந்த நெஞ்செரிச்சல் மாத்திரை நாளடைவில் குறைக்கும். நீர் மாத்திரையோ இருப்பதையும் சிறுநீரில் அனுப்பிவிடும். மெக்னீசியம் குறைந்தால் சிறுநீரகம் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்காது. ஓட்டைக் குடத்தில் ஒரு வாரமாகச் சிரப் ஊற்றியிருக்கிறோம். ஈசிஜி எடுத்துவிட்டு டிரிப்ஸில் மெக்னீசியம் ஏற்றினார்கள். "உடம்பெல்லாம் கதகதன்னு இருக்கு" என்றாள். நாலு நாளுக்குப் பிறகு என்னிடம் சொன்ன முதல் வார்த்தை.

மார்ச் 21
படித்ததில் உறுத்தியது: உடம்பில் மொத்தம் சுமார் 25 கிராம் மெக்னீசியம், பாதிக்கு மேல் எலும்பில். ரத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. அதனால் ரத்தத்தில் அளவு சரியாக இருந்தாலும் உள்ளே இருப்பு குறைந்திருக்கலாம். வயதானால் குடல் வாங்குவதும் குறைகிறது. நெஞ்செரிச்சல் மாத்திரை பற்றி அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2011லேயே எச்சரித்திருக்கிறது. வருஷக்கணக்கில் போட்டால் அவ்வப்போது ஒரு டெஸ்ட் எடுத்திருக்க வேண்டும். நான் பில்லை மட்டும்தான் பார்த்தேன்.

அதற்காக எல்லோரும் நிறுத்திவிட முடியாது. குடல்புண்ணில் ரத்தம் கசிந்தவர்களுக்கு அது அவசியம். அம்மாவுக்கு வேறு வகை மாத்திரை மாற்றித் தந்திருக்கிறார்.

மார்ச் 27
மெக்னீசியம் மாத்திரையால் வயிற்றுப்போக்கு. போக்கில் மெக்னீசியமும் போகும், நல்ல வேடிக்கை. போனில் கேட்டதில், அளவைப் பாதியாக்கி சாப்பாட்டோடு கொடுக்கச் சொன்னார். தைராய்டு மாத்திரைக்கும் இதற்கும் நாலு மணி நேர இடைவெளி வேண்டுமாம். அவள் வயதுப் பெண்களுக்கு ஒரு நாளைக்கு 320 மில்லிகிராம் தேவை. கொட்டைகளிலும் விதைகளிலும் நிறைய இருக்கிறது, கடிக்கத்தான் பல் இல்லை. பொடித்துக் கலந்தேன். "மண்ணு மாதிரி இருக்கு." ஆனாலும் சாப்பிட்டாள்.

ஏப்ரல் 12
மெக்னீசியம் 1.9, பொட்டாசியம் 4.2. பக்கத்து வீட்டு அக்கா தனக்கும் கால் இழுக்கிறது, அதே மாத்திரையை வாங்கிக்கொள்ளட்டுமா என்றார். முதலில் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் டெஸ்ட் பாருங்கள் அக்கா என்றேன். சிறுநீரகம் சுணங்கியிருந்தால் மெக்னீசியம் வெளியேறாமல் சேர்ந்துவிடும். காரணம் தெரியாமல் வரும் முதுமைக் கால்பிடிப்புக்கு இந்த மாத்திரை பெரிதாக உதவாது என்றும் டாக்டர் சொல்லியிருந்தார்.

அம்மாவுக்கும் முழுசாக நிற்கவில்லை. நேற்று ராத்திரி சத்தம் கேட்டுப் போனேன். கட்டிலில் உட்கார்ந்து, பாதத்தைச் சுவரில் அழுத்திக்கொண்டிருந்தாள். "நீ போய்ப் படு, எனக்கு வித்தை தெரிஞ்சுபோச்சு."